இடையன்குடியில் கால்டுவெல் குடும்பம்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கடலுக்கு அணித்தாக, தேரி என்று பெயர் பெற்ற செம்மணற் பரப்பு உண்டு. காற்று மிகுந்த காலத்தில் அம்மணல் ஓரிடத்தில் நில்லாது. நேற்று மேடாய் இருந்த இடம் இன்று பள்ளமாகும். வழியும் வேலியும் மறையும். மழை அருகிய அந்நிலத்தில் நெல்லும் கரும்பும் விளைவதில்லை. ஆயினும் பனைமரம் மட்டும் ஓங்கி வளர்ந்து, பருகப் பதநீரும், உண்ணப் பழமும் கிழங்கும், கூரை வேய ஓலையும், வீடு கட்ட மரமும் தந்து, அங்குள்ள குடிகளைக் காத்து வந்தது. இத்தேரிநாட்டுச் சிற்றூர்களுள் ஒன்று இடையன்குடி. இடையர் குடியிருந்த இடம் என்பதே அப்பெயரின் பொருள்.

1841ஆம் ஆண்டின் இறுதியில், 27 வயதுடைய ஐரோப்பிய இளைஞர் ஒருவர் இவ்வூருக்கு வந்து சேர்ந்தார். அவரே இராபர்ட்டு கால்டுவெல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு குடும்பத்து மொழிகள் என்பதை விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டியவர் என்று அவரை நாம் அறிவோம். சென்னைக் கடற்கரையில் அவருடைய சிலையைக் கண்ட மாணவர்களும் இருப்பீர்கள். ஆனால் அந்த அறிஞர் நாள்தோறும் செய்த தொழில் மொழியாராய்ச்சி அன்று. அவர் ஒரு சிற்றூரின் திருச்சபைக் குரு. கோயிலும் பள்ளியும் கிணறும் தெருவும் அவருக்குப் பகற்பொழுதின் வேலைகள்; இலக்கண ஆராய்ச்சி எஞ்சிய பொழுதின் வேலை. இவ்விரண்டும் ஒருங்கே நடைபெற்ற இல்லத்தைப் பற்றி இங்குக் காண்போம்.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர். அவருடைய பத்தாம் வயதை ஒட்டிக் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பிற்று. பதினாறாம் வயதளவில் அவர் டப்ளின் நகரில் இருந்த தமையனாரிடம் சென்று ஓவியக்கலை பயின்றார். தூரிகை பிடித்த அந்தப் பழக்கம் பின்னாளில் எங்கோ ஒரு பனங்காட்டில் பயன்படும் என்று அன்று எவர் கண்டார்! சில ஆண்டுகளில் அவர் உள்ளம் சமயப் பணியை நாடியது. இலண்டன் மிஷன் சங்கத்தார் அவரை ஏற்றுக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தனர். அங்குக் கிரேக்க மொழி கற்பித்த சாண்டுபோர்டு என்னும் பேராசிரியர், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கும் சுவையை மாணவர் நெஞ்சில் விதைத்தார். அவ்விதை முளைத்தது இடையன்குடியில்.

1837ஆம் ஆண்டு பட்டம் பெற்ற கையோடு கால்டுவெல் கப்பலேறினார். சூயசுக் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்முனையைச் சுற்றியே கப்பல்கள் இந்தியாவுக்கு வரும். பல மாதங்கள் கடலில் கழியும். அவருடன் பயணம் செய்தவருள் தெலுங்கு அகராதி தொகுத்த பிரௌன் துரையும் ஒருவர். நெடிய கடற்பயணத்தில் இந்நாட்டு மொழிகளைப் பற்றி அவரோடு உரையாடும் வாய்ப்பு இளைஞருக்குக் கிடைத்தது. 1838ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் அவர் சென்னையில் இறங்கினார்.

சென்னையில் மூன்றரை ஆண்டுகள் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரூ என்னும் அறிஞர் அங்கு அவருக்கு நண்பரானார். பின்னர்ச் சங்கம் மாறி, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த எஸ்.பி.ஜி. என்னும் நற்செய்திச் சங்கத்தில் சேர்ந்தார். அச்சங்கத்தார் அவருக்கு ஒதுக்கிய இடம் திருநெல்வேலி நாடு.

அக்காலத்து ஐரோப்பியர் நெடுந்தூரம் செல்வதானால் பல்லக்கில் செல்வர். அல்லது குதிரைமேல் செல்வர். கால்டுவெல் நடந்தே சென்றார். மக்களையும் அவர்தம் பேச்சையும் அறியவேண்டின் அவர்களோடு ஒரே வழியில் நடக்கவேண்டும் என்பது அவர் கருத்து. தரங்கம்பாடி, குடந்தை, தஞ்சை, திருச்சி என்று ஊர் ஊராகக் கடந்து நீலகிரி ஏறினார். 1841ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் உதகையில் சென்னை அத்தியட்சராகிய ஸ்பென்சரிடம் திருப்பட்டம் பெற்றார். மலையினின்று இறங்கி மதுரை வழியாகத் தெற்கு நோக்கி நடந்து, நவம்பர் 28ஆம் நாள் நாசரேத்து என்னும் ஊரில் அருளுரை ஆற்றினார். அதன்பின் இடையன்குடி அடைந்தார். கொள்ளிடத்துக் கரையில் ஒரு வகையாகவும், பொருநைக் கரையில் வேறு வகையாகவும் தமிழ் ஒலிப்பதைக் காதாரக் கேட்டுக்கொண்டு வந்த இந்நடைப்பயணம் எந்தக் கல்லூரியும் தர இயலாத கல்வி என்றே யான் எண்ணுகின்றேன்.

ஐரோப்பியக் குருமார்களை ஐயர் என்று அழைப்பது தென்னாட்டு வழக்கம். போப்பு ஐயர் என்பது போலவே இவரும் கால்டுவெல் ஐயர் ஆனார்.

ஐயர் வந்தபோது இடையன்குடியில் ஒரு சிறு கிறித்தவச் சபை முன்னரே இருந்தது. ஆனால் ஊர் என்று சொல்லத்தக்க அமைப்பு இல்லை. குடிசைகள் எண்ணியவாறு இங்கொன்றும் அங்கொன்றுமாய்க் கிடந்தன. ஐயர் நிலத்தை விலைகொடுத்து வாங்கி, நேர்நேரான தெருக்களை வகுத்து, வீட்டு மனைகளை அளந்து கொடுத்தார். கிணறுகள் தோண்டச் செய்தார். தெருவோரங்களில் நிழல் மரங்களை வைத்து வளர்த்தார். தேரிமணலில் ஒரு கன்றை நட்டு மரமாக்குவது எளிய செயலன்று. வெயிலும் காற்றும் மணலும் ஒருங்கே பகைக்கும்.

அவ்வூர் மக்களின் வாழ்வோ பனையோடு பிணைந்தது. பருவம் வந்ததும் விடியற்காலையிலேயே ஆடவர் பாளை அரிவாளை இடையிற் செருகிக்கொண்டு மரம் ஏறுவர். காலையும் மாலையும் அதே மரங்களில் ஏறி இறங்கவேண்டும். ஒருவர் ஒரு நாளில் பல பத்து மரங்கள் ஏறுவார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்த பதநீரைப் பெண்கள் பெரிய பானைகளில் ஊற்றிக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவர். சுள்ளி பொறுக்கவும் அடுப்பெரிக்கவும் பிள்ளைகளும் வேண்டும். பிடி தவறி விழுந்தவன் வீட்டில் அடுப்பு அணையும். இத்தகைய மக்களுக்கு ஒரு பள்ளி வைத்து, அதற்குப் பிள்ளைகளை வரவழைப்பது எத்துணை அரிது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் என்றால் அவ்வீட்டார் ஒரு வேலையாளை இழத்தல் என்று பொருள். ஐயர் சலியாது வீடு வீடாகச் சென்று கேட்டார்.

ஆனால் அவரால் ஆகாத ஒன்று இருந்தது. பெண்களோடு கலந்து பேசவும், பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைக்கவும் ஆடவராகிய அவரால் இயலவில்லை. அக்குறை 1844ஆம் ஆண்டு நீங்கிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவர் நாகர்கோவிலில் எலிசா மால்ட்டு என்னும் நங்கையை மணந்தார்.

எலிசா அம்மையாரின் தந்தையார் சார்லசு மால்ட்டு ஐயர் நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் சங்கத்துக் குருவாக நெடுங்காலம் பணி செய்தவர். அதனால் அம்மையாருக்குத் தமிழ் ஆசிரியரிடம் கற்ற மொழியன்று. சிறுமியாய் ஓடியாடிய காலத்திலேயே காதில் விழுந்து நாவில் ஊறிய மொழி. கணவர் நூல்களின் வழியே தமிழை அறிந்தார். மனைவியார் அடுக்களையிலும் கிணற்றடியிலும் வழங்கும் தமிழை அறிந்தார். கண்டித்துச் சொல்லுவது எப்படி, இழவு வீட்டில் ஆறுதல் சொல்லுவது எப்படி என்பனவற்றுக்கு எந்த இலக்கண நூலில் விதி உண்டு? அவ்விதிகளை அம்மையார் அறிந்திருந்தார். மக்கள் பேச்சின் நுட்பத்தில் துணைவியார் தம்மினும் வல்லவர் என்பதை ஐயரும் உணர்ந்திருந்தார்.

அம்மையார் வந்த ஆண்டிலேயே இடையன்குடியில் பெண்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது. படித்த பெண் அடங்க மாட்டாள் என்ற அச்சமும் இருந்தது. பிள்ளைகளை வீட்டிலிருந்து விடுதிக்கு அனுப்பத் தாய்மார் தயங்கினர். அம்மையார் தாய்மாரோடு அமர்ந்து அவர்கள் பேசும் தமிழிலேயே பேசிப் பேசி, ஒவ்வொரு பிள்ளையாகச் சேர்த்தார். எழுத்தும் கணக்கும் வேதபாடமும் தையலும் அங்குக் கற்பிக்கப்பட்டன.

அவற்றோடு இன்னொரு கலையும் புகுந்தது. அதுவே சரிகைப் பின்னல்போல் நூலால் செய்யும் இலேசுப் பின்னல். அம்மையாரின் தாயார் மார்த்தா மால்ட்டு நாகர்கோவிலில் பெண்களுக்கு அதனைக் கற்பித்திருந்தார். தாயிடம் கற்றதை மகள் இடையன்குடிக்குக் கொணர்ந்தார். திண்டுபோன்ற தலையணையின்மேல் பூவேலை வரைந்த தாளைப் பதித்து, ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளிற் சுற்றிய மெல்லிய நூலிழைகளை அவ்வூசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அவ்வேலை. கண் கூர்மையும் விரல் மென்மையும் பொறுமையும் வேண்டும். ஒரு விரற்கடை அகலம் பின்னுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆயினும் ஐரோப்பியச் சீமாட்டிகள் அதனை நல்ல விலைக்கு வாங்கினர். கருப்புக்கட்டி காய்ச்சிக் கரி படிந்த கைகள் அத்துணை வெண்மையான வேலையைச் செய்தன. பெண் ஒருத்தி தன் கைத்திறத்தால் காசு ஈட்டி வீட்டிற் கொண்டுவந்து வைத்த நாளில், அவ்வீட்டில் அவள் சொல்லுக்கும் ஒரு மதிப்புப் பிறந்தது. பள்ளிக்கூடம் வேண்டா என்று சொன்ன தந்தையர் சிலர் வாயடங்கியதற்குப் பாடத்தைக் காட்டிலும் இந்தப் பின்னலே பெருங்காரணம் என்று கூறின் தவறாகாது.

அம்மையார் இவ்வாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஆயினும் அக்காலச் சங்கங்களின் வழக்கப்படி ஊதியம் கணவருக்கே உரியது. மனைவியின் உழைப்பு கணவரின் பணியுள் அடங்கியதாகக் கொள்ளப்பட்டது. ஐயருடைய பெயரை அறிந்தார் பலர். அம்மையாரின் பெயரை அறிந்தார் சிலரே. இது முறையன்று.

அவர்களுக்கு மக்கள் எழுவர் பிறந்தனர். அந்நாளில் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கு நேர்ந்த பெருந்துயரம் பிள்ளைகளைப் பிரிதல். படிப்பின் பொருட்டும் உடல்நலத்தின் பொருட்டும் சிறுவயதிலேயே பிள்ளைகளைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவர். அனுப்பிய பிள்ளையிடமிருந்து ஒரு மடல் வந்து சேரத் திங்கள் பல ஆகும். மடலில் எழுதிய காய்ச்சல், மடல் வந்து சேர்வதற்குள் தீர்ந்திருக்கலாம், தீராமலும் போயிருக்கலாம். ஊர்ப்பிள்ளைகளைத் திரட்டி வளர்த்த குருமார் வீடுகள் பலவற்றில் தம் பிள்ளைகளின் ஒலி கேளாதிருந்தது. கால்டுவெல் பெற்றோரின் பெண்மக்களுள் ஒருத்தி வயட்டு என்னும் குருவை மணந்து இந்நாட்டிலேயே பணியாற்றினார். ஐயரின் நினைவுக் குறிப்புகளை 1894ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்டவர் அம்மருமகனாரே.

இனி, ஐயரின் நாட்பொழுதுக்கு வருவோம். கோயில் மணி ஒலித்தால் காலை வழிபாடு, அதன்பின் பள்ளி, அதன்பின் ஊர்வழக்கு. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பணி செய்த உபதேசியார்கள் குறித்த நாளில் வந்து கூடுவர். அவர்களுக்குப் பாடம் சொல்லவேண்டும்; அவர்கள் கொண்டுவரும் குறைகளைக் கேட்கவேண்டும். ஞானமுழுக்குக்கு ஆயத்தமாவோர்க்குப் போதனை, திருமணம், அடக்கம், எல்லைத் தகராறு, கணவன் மனைவி பிணக்கு, கடன் முறி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெயில் தணிந்ததும் பக்கத்து ஊர்களுக்கு நடை. அவருடைய உடலோ வலிய உடலன்று. அடிக்கடி நோயுற்று மலைப்புறம் சென்று தங்க நேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில்தான் அவர் மொழிகளை ஆராய்ந்தார். நூலகம் இல்லை, கேட்டுத் தெளியக் கற்றோர் அருகில் இல்லை. வேண்டிய நூல் ஒவ்வொன்றும் கடல் கடந்து வரவேண்டும். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், வடமொழி ஆகியவற்றை அறிந்த அவர், தென்னாட்டு மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அவர் சென்ற நெறியை ஒரு சிறு சான்றால் காண்போம். தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூறு, தெலுங்கில் மூடு. தமிழில் கண், கன்னடத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு. கடன்வாங்கும் மொழி பிற மொழியிலிருந்து ஒரு பூவின் பெயரையோ ஓர் அணியின் பெயரையோ வாங்கும். கண்ணுக்கும் காலுக்கும், நான் நீ என்னும் சொற்களுக்கும், எண்ணுக்கும், வினைமுற்றின் ஈற்றுக்கும் கடன் வாங்குவது அரிது. அவையே ஒத்திருப்பின் அம்மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று துணியலாம்.

தென்மொழிகள் வடமொழியிற் பிறந்தவை அல்ல என்பதைச் சென்னையில் அதிகாரியாய் இருந்த எல்லிசு துரை 1816ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். அக்கருத்தைப் பல மொழிகளுக்கும் விரித்து, ஒலி முதல் தொடர் வரை ஆராய்ந்து, ஐயமற நாட்டிய பெருமை கால்டுவெலுக்கு உரியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்னும் அவருடைய ஆங்கில நூல் 1856ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. 1854 முதல் ஓய்வின்பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் அதனை அச்சேற்றினார். 1875ஆம் ஆண்டு அதனை விரித்து மறுபதிப்புச் செய்தபோது, தோடர், கோத்தர், கோண்டர் முதலிய மலைவாழ் மக்களின் மொழிகளையும் சேர்த்துப் பன்னிரண்டு மொழிகளை ஆராய்ந்தார்.

அவர் கூறிய அனைத்தும் இன்று கொள்ளத்தக்கன அல்ல. தமிழ் நூல்களின் காலத்தை அவர் மிகவும் பின்னுக்குத் தள்ளினார். அதற்குக் காரணமும் உண்டு. கலித்தொகையைத் தாமோதரம் பிள்ளை 1887ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டைச் சாமிநாத ஐயர் 1889ஆம் ஆண்டிலும் பதிப்பித்தனர். புறநானூறு அச்சில் வந்தது 1894ஆம் ஆண்டில். அவர் தம் நூலை எழுதிய நாளில் சங்கச் செய்யுட்கள் ஏட்டில் உறங்கிக் கிடந்தன. காணாத கருவூலத்தை எவ்வாறு மதிப்பிடுவார்!

விவிலியத்தைத் தமிழில் திருத்தியமைக்கப் போவர் ஐயரின் தலைமையில் அமைந்த குழுவிலும் அவர் உறுப்பினராய்ப் பல ஆண்டுகள் உழைத்தார். அத்திருத்தம் 1871ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ்த் திருச்சபைகளில் பல தலைமுறையினர் படித்தது அதுவே.

கால்டுவெல் வாழ்வில் மறைத்தற்கு இயலாத ஒரு பகுதி உண்டு. இடையன்குடிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த பனைத்தொழிலாளர் குலத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். 1849ஆம் ஆண்டு அது வெளிவந்தது. சீமையில் உள்ளோர் திருநெல்வேலிப் பணியை அறிந்து பொருளுதவி செய்யவேண்டும் என்பது நோக்கமாக இருக்கலாம். ஆனால் அந்நூலில் அக்குலத்தாரின் அறிவையும் பழக்க வழக்கங்களையும் தாழ்த்தி எழுதினார்; அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியோர் என்றும் கூறினார். எழுதிய நாளில் அதனைப் படிக்கக்கூடியவர் அவ்வூரில் இலர். அவரைப் போன்ற குருமார் திறந்த பள்ளிகளிலேயே படித்து ஆங்கிலம் கற்ற இளைஞர், பின்னாளில் அந்நூலைக் கையில் எடுத்தனர். தம் தந்தையரைப் பற்றித் தம் குருவே எழுதியிருந்ததைக் கண்டு நெஞ்சு கொதித்தனர். நாசரேத்துப் பகுதியில் ஐரோப்பியக் குருமாரை விட்டு விலகி 1857ஆம் ஆண்டில் தனிச்சபை கண்ட சட்டாம்பிள்ளை என்பார் அவரை வன்மையாக எதிர்த்து எழுதினார். கண்டன நூல்கள் பல எழுந்தன, விண்ணப்பங்கள் பறந்தன. இறுதியில் அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

கிணறு வெட்டி, தெரு வகுத்து, பள்ளி வைத்து, நாற்பதாண்டு உடன் வாழ்ந்தவர்மீது மக்கள் ஏன் இத்துணைச் சினம் கொண்டனர் என்று சிலர் வினவலாம். மக்கள் கொண்ட சினம் முறையானதே. உதவி செய்தவர் என்பதனால் ஒருவர் சொன்ன பழிச்சொல் மெய்யாகிவிடாது. வந்த புதிதில் கண்டதை வைத்து ஒரு குலத்தையே அளந்தது ஐயரின் பிழை. மொழிகளை ஆராய்ந்தபோது அவர் காட்டிய பொறுமையை மக்களைப் பற்றி எழுதியபோது காட்டவில்லை. அவர் நூலைப் போற்றுவோரும் இதனை ஒப்புக்கொள்ளவே வேண்டும். அப்பள்ளிகளில் அவர்கள் பெற்ற கல்வியே அந்நூலுக்கு மறுப்பாயிற்று என்பதும் கருதத்தக்கது.

இவ்வளவு கசப்புக்கு இடையிலும் இடையன்குடியில் ஒரு கட்டடம் எழுந்துகொண்டே இருந்தது. 1847ஆம் ஆண்டு தூய திரித்துவ ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மேலைநாட்டுக் கோத்திக்கு முறையில், கூரிய வளைவுகளும் உயர்ந்த சாளரங்களும் உடையதாக ஐயரே அதற்கு வடிவம் வகுத்தார். டப்ளினில் கற்ற ஓவியம் இங்குக் கைகொடுத்தது. தேரிநாட்டுக் கொத்தர் அத்தகைய வளைவைக் கனவிலும் கண்டதில்லை. தாளில் வரைந்து காட்டினால் விளங்கவில்லை. ஆகவே ஐயர் களிமண்ணைப் பிசைந்து சாளரத்தின் வடிவைத் தம் கையாலேயே செய்து காட்டினார். அதனைப் பார்த்துக் கொத்தர் செதுக்கினர். பொருள் வந்தபோது சுவர் வளரும். பொருள் நின்றபோது வேலை நிற்கும். கல் தூக்கிய இளைஞர் முதியோராயினர். அவர்தம் மக்கள் கல் தூக்கினர். 33 ஆண்டுகள் கழித்து, 1880ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள், ஆலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. செம்மணல் நடுவே வெண்ணிறத்துடன் இன்றும் அது நிமிர்ந்து நிற்கின்றது.

ஆலயம் முடிவதற்குச் சிறிது முன்னர், 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. கஞ்சியும் கூலியும் தேடி மக்கள் ஊர்விட்டு ஊர் அலைந்தனர். மிஷன் சங்கங்கள் உதவிப் பொருள் திரட்டி வழங்கின. பஞ்சக் காலத்தில் திரள் திரளாக மக்கள் திருச்சபையில் சேர்ந்தனர். அவர்களுக்குப் போதிக்க உபதேசியார் போதவில்லை. பசியால் வந்தவர் பசி தீர்ந்தபின் நிற்பரோ என்ற வினா அன்றே எழுந்தது. நின்றவரும் உண்டு, சென்றவரும் உண்டு. அப்பஞ்சத்தின் இடையில், 1877ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், கல்கத்தாவில் கால்டுவெலும் சார்சென்று ஐயரும் ஒரே நாளில் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பட்டனர்.

ஓய்வு என்பதை அவர் அறியார் போலும். அதே காலத்தில் பாண்டியரின் பழைய துறைமுகமாகிய கொற்கையில் நிலத்தை அகழ்ந்து பழம்பொருள்களைத் தேடினார். பல நூற்றாண்டுகளுக்கு முன் கடற்கரையில் இருந்த ஊர் இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டில் கிடப்பதன் காரணம், பொருநையாறு கொணர்ந்து குவித்த வண்டல் என்று விளக்கினார். திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1883ஆம் ஆண்டு குடும்பம் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தது. சாயர்புரத்தில் இருந்த கல்லூரி அங்கு மாற்றப்பட்டு அவர் பெயரால் வழங்கியது. இன்று அந்நகரில் அவர் பெயரால் ஒரு மேல்நிலைப்பள்ளி நடைபெறுகின்றது.

1891ஆம் ஆண்டு சனவரி இறுதியில், 76ஆம் வயதில், அவர் பணியிலிருந்து விலகினார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. தாய்நாடு திரும்பிச் சென்று இளைப்பாறியிருக்கலாம். அவரோ கோடைக்கானல் மலையில் தங்கினார். அங்கேயே அவ்வாண்டு ஆகத்து 28ஆம் நாள் உயிர் நீத்தார். உடலை மலையினின்று இறக்கி, நெடுந்தொலைவு கொணர்ந்து, இடையன்குடி ஆலயத்தில் திருப்பீடத்தின் அடியில் அடக்கம் செய்தனர்.

அம்மையார் அதன்பின் ஏறக்குறைய எட்டாண்டுகள் இருந்தார். 1899ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவரும் மறைந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் கட்டிய அவ்வாலயத்திலேயே, கணவருக்கு அருகில், அவருக்கும் இடம் அமைந்தது. அவர்கள் வாழ்ந்த வீடு இன்று தமிழக அரசின் நினைவு இல்லமாகப் பேணப்படுகின்றது.